படபடப்புக்கு அவர்கள் வைத்த பெயர்

1

போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஊசி குத்துகிற பெண் என் சீட்டைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டாள். நேற்றோடு மூன்று வருஷம் என்றேன். "அவ்வளவு துல்லியமாகவா?" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அந்தத் தேதி மறந்துபோகக்கூடிய தேதி இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

கோவில்பட்டியில் இருக்கிற என் தம்பி சண்முகத்துக்கும் இதே சந்தேகம்தான். ஒவ்வொரு போனிலும் கேட்பான். "யக்கா, அப்படி என்னதான் உங்களுக்குச் சீக்கு? வலியும் இல்லங்கீங்க, காய்ச்சலும் இல்லங்கீங்க. போட்டோவுல பாத்தா நல்லாத்தான இருக்கீங்க?"

போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன். சண்முகத்துக்கும், அவனைப் போல ஊரில் இருந்துகொண்டு "ஹைதராபாத்துல பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்கிற எல்லாருக்கும்.

கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயசு. இப்போது அறுபத்து மூன்று. என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் ராணுவத் தளவாடம் செய்கிற அரசாங்கத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குகட்பள்ளியில் ஹவுசிங் போர்டு வீடு. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஒரே மகள் திவ்யா. கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கொண்டாப்பூரில் வீடு.

திவ்யா தமிழைப் புரிந்துகொள்வாள். அப்போதெல்லாம் பேச மாட்டாள். "சாப்பிட்டியாடி?" என்று நான் கேட்டால், "ஹவ்மா, தின்னேசா" என்று இந்த ஊர் உருதுவில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் ஓடியது. அதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை, எனக்கு உடம்புக்கு வருகிற வரைக்கும்.

2

முதல் தடவை வந்தது வகுப்பறையில். பத்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்துகொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கிவிட்ட மாதிரி இருந்தது. இருட்டில் படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்க, அங்கே தரை வந்துவிடுமே, அந்தத் திடுக்கிடல். ஒரு முறை வந்து போயிருந்தால் பரவாயில்லை. நிற்காமல் வந்தது. முக்கோணத்தின் மூன்றாவது கோட்டைப் போடாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிஷம் கழித்துத் தானாக அடங்கியது.

பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. வீட்டுக்காரர்தான் திவ்யாவைக் கூப்பிட்டு, அம்மாவை டாக்டரிடம் காட்டு என்றார். தெருமுனை கிளினிக்குக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள்.

என் தெலுங்கு காய்கறிக் கடைத் தெலுங்கு, வகுப்பறைத் தெலுங்கு. தொழிற்சாலை டிஸ்பென்சரியில் வெகுகாலம் ஒரு மதுரைக்கார டாக்டர் இருந்தார். அதனால் உடம்பைப் பற்றி இன்னொரு மொழியில் பேசவேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை. கிளினிக் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்து, "படபடன்னு வருது" என்றேன். அவர் புரியாமல் திவ்யாவைப் பார்த்தார்.

திவ்யா இங்கிலீஷில் சொன்னாள். "ஆங்சைட்டி, டாக்டர். கொஞ்ச நாளாகவே இருக்கு."

எனக்கு இங்கிலீஷ் தெரியும். அந்த வார்த்தைக்கு அர்த்தமும் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயம்தான் திவ்யா, கூட வேலை பார்க்கிற பிரவீனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொல்லியிருந்தாள். வாரங்கல் பையன், தெலுங்குக் குடும்பம். நல்ல பையன்தான். நான் ஒரே ஒரு தடவை, "நம்ம பக்கத்துல ஒருத்தன் கெடைக்கலியா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட மறுவாரம் வகுப்பறையில் இது வந்தது. அம்மா கல்யாணத்தை நினைத்து மனசைக் குழப்பிக்கொள்கிறாள், அதுதான் நெஞ்சில் வருகிறது என்று அவள் நம்பினாள். இன்னும் கொஞ்சம் வெளிப்படையாகச் சொன்னால், அம்மா நாடகம் போடுகிறாள் என்று ஒரு சந்தேகமும் அவளுக்கு இருந்திருக்கும். நானே கூட அப்படி இருக்குமோ என்று நினைத்தேன். என் மனசே என் மீது இப்படிப் பழி தீர்க்கிறதோ என்று வெட்கமாக இருந்தது.

ஈசிஜி எடுத்தார்கள். எடுக்கிற நேரம் பார்த்து இதயம் சமர்த்தாக நடந்துகொண்டது. ஒன்றும் இல்லை என்று சொல்லி, மனப் பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் திவ்யா, "சூசாவா? நத்திங். டென்ஷன் படொத்து" என்றாள். பார்த்தாயா, ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

அந்த மாத்திரையைப் பத்து மாசம் சாப்பிட்டேன். தூக்கம் நன்றாக வந்தது. படபடப்பும் வந்துகொண்டுதான் இருந்தது. யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டேன். கல்யாண வேலை நடந்துகொண்டிருந்த வீட்டில் அதைச் சொன்னால் என்ன அர்த்தமாகும் என்று பயம்.

3

கல்யாணம் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நானும் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஒரு புதன்கிழமை காலை, வீட்டுக்காரர் எழுந்ததும் டிஸ்பென்சரியில் பிரஷர் மாத்திரை வாங்க வரிசைக்குப் போய்விட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு ரைத்து பஜாருக்குப் போனேன். நம் ஊர் உழவர் சந்தை மாதிரிதான். லட்சுமம்மா என்கிற அம்மாளிடம்தான் பதினைந்து வருஷமாகக் காய் வாங்குகிறேன்.

வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று பை கீழே கிடந்தது. குனிந்து எடுக்கலாம் என்றால் வலது கை வரவில்லை. லட்சுமம்மா, "ஏமைந்தி மேடம்? ஏமைந்தி?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று கேட்கிறாள் என்பது இப்போது தெரிகிறது. அப்போது அது வெறும் சத்தமாகத்தான் விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தெலுங்கு இல்லை. தேடிப் பார்த்தேன், ஒரு சொல் கூட இல்லை. முப்பத்தைந்து வருஷத்துத் தெலுங்கை யாரோ ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு போனது போல் இருந்தது.

லட்சுமம்மா என் போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். ஆட்டோவில் அவளே என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கடையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாள் என்று இன்று வரை கேட்கவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர் என்னிடம் தெலுங்கில் கேட்டார். பிறகு ஹிந்தியில் கேட்டார். பிறகு இங்கிலீஷில். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. என் வாயில் இருந்து வந்ததெல்லாம் கோவில்பட்டித் தமிழ், அதுவும் துண்டு துண்டாக. "என் கை எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம். வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு நடந்த பேச்சை அவர் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரிடம் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: இது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? தூங்கி எழுந்தபோதே இருந்ததா, பிறகு வந்ததா? சில மணி நேரத்துக்குள் என்றால்தான் மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம். நேரம் தெரியாமல் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும். அவருக்குத் தெரியவில்லை. காலையில் அவர் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். லட்சுமம்மாவோ, மேடம் வந்ததில் இருந்தே சரியாகப் பேசவில்லை, தலையைத்தான் ஆட்டினார்கள் என்றாள். கூட்டமாக இருந்ததால் நான் பேசாமல் பொறுக்கினேன், அவ்வளவுதான். அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

அப்போதுதான் திவ்யா கச்சிபௌலியில் இருந்து வந்து சேர்ந்தாள். பாதி வழியில் டிராஃபிக்கில் நின்ற காரை விட்டு இறங்கி, யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறி வந்தாளாம். என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். டாக்டர் அவளிடம், அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"வெண்டைக்கா" என்றேன். "முறிச்சுப் பாத்தேன். முறிஞ்சுது. அப்புறம் கை இல்ல."

"முறிச்சுன்னா?" என்று திவ்யா கேட்டாள். "முறிச்சுன்னா என்னம்மா?"

அவள் தமிழில் கேட்டாள். விவரம் தெரிந்து என் மகள் என்னிடம் முழுசாகத் தமிழில் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

வராத வலது கையைப் பார்த்தேன். இடது கையைத் தூக்கி, கட்டைவிரலால் நுனியை ஒடிப்பது போல் காட்டினேன். பிறகு வலது கையை மறுபடி பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வெண்டைக்காய் இளசா என்று பார்க்க நுனியை ஒடிப்போம், அதற்கு விரலில் பலம் வேண்டும், அம்மா வலது கைக்காரி, அப்படியானால் கடையில் நிற்கும் வரை அந்தக் கை வேலை செய்தது. இதை அவள் டாக்டரிடம் இங்கிலீஷில் கத்திச் சொன்னாள். லட்சுமம்மாவும், ஆமாம், ஒடித்து ஒடித்துத்தான் போட்டார்கள் என்றாள். ஊசி போட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் விரல் அசைந்தது. தமிழ் முழுசாகத் திரும்பியது. இங்கிலீஷ் நாலைந்து நாளில் வந்தது. தெலுங்கு வர இரண்டு மாசம் ஆனது. இப்போதும் அதில் ஓட்டைகள் உண்டு.

ஐந்தாம் நாள் இதய டாக்டர் வந்து தலைமாட்டில் இருந்த திரையைக் காட்டினார். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்குகின்றன, அங்கே தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விட்டது என்று இங்கிலீஷில் விளக்கினார். "இதற்கு முன்னால் எப்போதாவது குண்டெ தட இருந்ததா?" என்று கேட்டார்.

குண்டெ தட என்றால் நெஞ்சுப் படபடப்பு என்று திவ்யா மெதுவாகச் சொன்னாள். இவ்வளவு கச்சிதமாகத் தெலுங்கில் ஒரு சொல் இருந்திருக்கிறது. பத்து மாசமாக அது எங்கள் யார் வாயிலும் வரவில்லை.

நான் திவ்யாவைப் பார்க்காமல் இருக்கத்தான் முயற்சி செய்தேன். அவளே சொன்னாள், "அம்மா சொன்னாங்க டாக்டர். நான்தான் ஆங்சைட்டின்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு வெளியே போனாள். வெகுநேரம் வரவில்லை.

4

எங்கள் அம்மாவுக்கும் படபடப்பு இருந்தது. சண்முகத்துக்கு அது ஞாபகம் இருக்காது, சின்னப் பையன். அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். "எனக்குப் படபடன்னு வருது" என்பாள். வீட்டில் எல்லாருக்கும் அந்தச் சொல் புரியும். அப்பா விசிறுவார். நான் தண்ணீர் கொண்டு வருவேன். பக்கத்து வீட்டில் இருந்து யாராவது வந்து பாயை விரித்துப் படுக்க வைப்பார்கள். ஐம்பத்தொரு வயசில் ஒருநாள் வாய் கோணிப்போய் விழுந்தாள், நாலாம் நாள் போய்விட்டாள். அந்தப் படபடப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாத்திரை கூடச் சாப்பிடாமல் போனாள்.

சண்முகம், "பேசாம இங்க வந்துருங்கக்கா, நம்ம ஊர்ல பாத்துக்கலாம்" என்கிறபோது எனக்கு அம்மா நினைப்பு வருகிறது. அங்கே சொல் புரிந்தது, செய்ய ஒன்றும் இருக்கவில்லை. இங்கே எல்லாமும் இருக்கிறது, என் சொல்தான் போய்ச் சேரவில்லை. எதை விட்டு எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வைத்தியத்தைக் கேட்டீர்கள் என்றால், முதலில் ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை. எனக்குச் சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம் என்பதால் பழைய வகை மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்கள். மாசாமாசம் ரத்தம் பார்த்து அளவை மாற்றுவார்கள். கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் கட்டும். ஒரு வாரம் முருங்கைக்கீரை கூடுதலாகச் சாப்பிட்டால் கூட அளவு மாறிவிடுகிறது. தேங்காய் துருவும்போது விரலில் பட்டால் அரை மணி நேரம் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டும்.

அடுத்து, மயக்க மருந்து கொடுத்து நெஞ்சில் கரண்ட் வைத்தார்கள். கண் விழித்தபோது மார்பு வெயிலில் காய்ந்தது போல் எரிந்தது. ஆனால் உள்ளே அமைதி. ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஒழுங்காகப் போனது. வீட்டுக்காரர் எங்கள் பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார். பத்தொன்பதாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மறுபடி அந்த இல்லாத படி. இரண்டு நாள் அவரிடம் சொல்லவில்லை. லட்டு வாங்கிய வீடுகளில் இருந்து இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, தொடை நரம்பு வழியாக இதயத்துக்குள் கம்பி விட்டு, கோளாறான இடங்களைச் சுட்டுவிடலாம் என்றார்கள். அதற்குத் தொழிற்சாலையின் ஓய்வூதியப் பிரிவில் இருந்து அனுமதிக் கடிதம் வேண்டும். என் பெயர் மருத்துவ அட்டையில் எஸ். மீனாட்சி. ஆதாரில் மீனாக்ஷி சங்கரலிங்கம். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் சர்நேம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று என் அப்பா பெயரை முன்னால் போட்டு, சுப்பையா மீனாக்ஷி. இந்த ஊரில் எல்லாருக்கும் வீட்டுப் பெயர் ஒன்று முன்னால் உண்டு. எனக்கு இல்லை என்பதைக் கவுண்டரில் இருந்தவர் நம்பவேயில்லை. மூன்று பேரும் ஒரே ஆள் என்று நிரூபித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அவரும் கெட்டவர் இல்லை. அவருடைய திரையில் அந்தக் கட்டம் சிவப்பாகவே நின்றது. ஐந்து வாரம் அலைந்தோம். ஒவ்வொரு நாளும் நெஞ்சு தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டிருக்க, நான் ஒருத்திதான் என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுட்டார்கள். ஏழு மாசம் நன்றாக இருந்தது. பிறகு திரும்பிவிட்டது. வீட்டுக்காரர் டாக்டரிடம், "நாங்க ஏதாவது தப்பு பண்றோமா?" என்று கேட்டார்.  எனக்காகக் காப்பியைக் கூட விட்டுவிட்டவர் அவர். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். "இனி தாளத்தை விட்டுவிடலாம். வேகத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்வோம். பலபேர் இப்படியே இருக்கிறார்கள்" என்றார். அப்படியே இருக்கிறேன்.

5

இதயத்தை விட எனக்குக் கஷ்டமாக இருப்பது திவ்யாதான்.

உன் மேல் தப்பில்லை, நானும்தானே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்வாள். ஏற்றுக்கொள்ள மாட்டாள். என்னிடம் இப்போது தமிழில்தான் பேசுகிறாள். திக்கித் திக்கி, தப்பும் தவறுமாக, ஒவ்வொரு சொல்லையும் பயந்து பயந்து எடுத்து வைக்கிறாள். அவளுடைய பழைய, வேகமான, பாதி தெலுங்குப் பேச்சில் ஒரு சிரிப்பு இருக்கும். அது போய்விட்டது. திருப்பிக் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை.

போன வருஷம் கையில் கட்டுகிற வாட்ச் ஒன்று வாங்கி வந்தாள். என் துடிப்பு தாறுமாறானால் அவளுடைய போன் மணியடிக்கும். ஒரு நாளில் எத்தனையோ தடவை அடிக்கும். மீட்டிங்கில் இருந்து எழுந்து வந்து கூப்பிடுவாள். "அம்மா, எப்படி இருக்கே? உக்காந்திருக்கியா?"

இரண்டு மாசம் முன்னால் பிரவீன் தனியாக வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்கார்ந்து, கம்பெனியில் திவ்யாவை இரண்டு வருஷம் அயர்லாந்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள், அவள் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றார். "ஆன்ட்டி, எதுக்குன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதீங்க." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இவரைத்தான் நம்ம பக்கத்துப் பையன் இல்லை என்று சொன்னேன்.

மறுநாள் காலை வாட்சைக் கழற்றி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். என் நெஞ்சு என்ன செய்தாலும் அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் போன் சும்மா இருக்கட்டும். இரண்டு நாள் சும்மா இருந்தால் பழகிவிடும், பிறகு அயர்லாந்தோ எங்கேயோ போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அன்று வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். நான் குளித்து, துணி அலசி, மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். வாசல் கதவை யாரோ இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்கள். திவ்யா. போனை நான் சமையலறையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். வாட்சில் இருந்து ஒரு மணி கூட வராததில் பயந்து பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். முகம் வெளுத்து, தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

 என் இடது கையைப் பிடித்துத் தூக்கி, வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"எங்க?"

"கழட்டி வச்சிருக்கேன்."

"ஏன்?"

"உனக்காகத்தான்டி. நீ உன் பொழப்பப் பாரு. எந்நேரமும் இதையே கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "அன்னைக்கு நீ சொன்னே, நான் கேக்கல. இப்ப கேக்கறேன். அதுவும் வேணாமா உனக்கு?"

 இந்த முறை எந்த மொழியும் காணாமல் போகவில்லை. மூன்றும் இருந்தன. எதிலும் பதில் இல்லை. நான் கட்டியிருந்தால் அவள் எங்கேயும் போக முடியாது. கழற்றினால் அவள் மூச்சுவிட முடியாது. இதில் எது நல்லது என்று எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது?

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடி வந்ததில் அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. என் கையை அவள் விடவில்லை. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, நர்ஸுகள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டபடி, மெதுவாக எண்ணத் தொடங்கினாள். தன்னை அறியாமல் தெலுங்கில்தான் எண்ணினாள். "ஒகட்டி, ரெண்டு, மூடு…"

நாலாவது வரவில்லை. அவள் விரல் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். பிறகு இரண்டு துடிப்பு ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. எங்கே விட்டோம், எதில் இருந்து தொடர்வது என்று தெரியாமல் திவ்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

எனக்கும் தெரியவில்லை.